மோதலில் கிடைத்த வேலை

1884 செப்டம்பரில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் கண் மருத்துவர்கள் கூடியிருந்தார்கள். அந்த மாநாட்டைக் கலக்கிய கட்டுரையை எழுதியவர் கார்ல் கோலர் என்ற வியன்னா இளைஞர். ஆனால் மேடையில் அவர் இல்லை. ரயிலுக்குக் காசில்லாததால் நண்பர் ஒருவரிடம் கட்டுரையைக் கொடுத்தனுப்பியிருந்தார். விஷயம் எளிது. கோகெய்ன் கரைசலைச் சில சொட்டு கண்ணில் விட்டால் போதும். நோயாளி விழித்திருக்கும்போதே வலியில்லாமல் கண்ணில் கத்தி வைக்கலாம். சில வாரங்களில் செய்தி அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் போய்ச் சேர்ந்தது. அங்கே அதைக் கேள்விப்பட்டவர்களில் ஒருவர் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட். வயது 32, நகரத்தின் துடிப்பான சர்ஜன்களில் ஒருவர். கண்ணுக்குச் சரி, கைகால்களுக்கும் இது உதவுமா என்று யோசித்தார். சோதித்துப் பார்க்க ஓர் உடம்பு வேண்டும். தன் உடம்பையே எடுத்துக்கொண்டார்.

நரம்புக்குப் பக்கத்தில் கோகெய்னை ஊசியால் செலுத்தினால், அந்த நரம்பு போகும் இடமெல்லாம் மரத்துப்போகிறது. இதை ஹால்ஸ்டெட்டும் கூட்டாளிகளும் தங்கள் மேலேயே குத்திக் குத்திக் கண்டுபிடித்தார்கள். இன்றைக்குப் பல் பிடுங்குவதற்கு முன் தாடையில் போடும் ஊசிக்கு அதுதான் மூலம். கொடுத்த விலைதான் பெரிது. அந்தக் கூட்டத்தில் பலர் போதைக்கு அடிமையானார்கள். 1885இல் ஹால்ஸ்டெட் ஒரு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையின் முதல் வாக்கியம் தலையும் வாலும் புரியாமல் நீண்டுகொண்டே போகிறது. எழுதிய கை எந்த நிலையில் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. 1886இல் பிராவிடன்ஸ் நகரத்தில் இருந்த பட்லர் மருத்துவமனையில் சேர்ந்தார். கோகெய்னை விட வைக்க அந்தக் காலத்து வைத்தியம் மார்ஃபின். வெளியே வந்தபோது இரண்டாவது பழக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது. நியூயார்க்கைப் பொறுத்தவரை அவர் கதை முடிந்தது.

முடியாமல் காப்பாற்றியவர் வில்லியம் வெல்ச் என்ற நண்பர். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற வணிகர் விட்டுச்சென்ற சொத்தில் புதிதாக ஒரு மருத்துவமனை எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே நோய்க்குறியியல் பேராசிரியராக இருந்த வெல்ச், ஹால்ஸ்டெட்டை அழைத்துத் தன் ஆய்வகத்தில் ஒரு மூலையைக் கொடுத்தார். நாய்களின் குடலைத் தைத்துப் பார்ப்பதுதான் வேலை. மருத்துவமனையின் தலைமை சர்ஜன் பதவி அவருக்கு என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை. கிளாஸ்கோவின் வில்லியம் மெக்யூவனைத்தான் அழைத்தார்கள். அவர், என் நர்ஸுகளையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றார். நிர்வாகம் ஒப்பவில்லை, அவர் வரவில்லை. 1889இல் கதவு திறந்தபோது கையில் இருந்த ஒரே ஆள், ஆய்வகத்து மூலையில் நாய்க்குடல் தைத்துக்கொண்டிருந்தவர்தான்.

பால்டிமோருக்கு வந்த ஹால்ஸ்டெட் வேறு மனிதர். நியூயார்க்கில் மின்னல் வேகத்தில் கத்தி வீசியவர், இங்கே ஒவ்வொரு ரத்தக்குழாயையும் தனித்தனியாகக் கட்டி, திசுவுக்கு நோகாமல், மணிக்கணக்காக அறுவைச் சிகிச்சை செய்தார். ஆட்களோடு பேசமாட்டார். மாதக்கணக்கில் காணாமல் போவார். சட்டைகளைச் சலவைக்கு பாரிஸ் வரை அனுப்புவார் என்று ஊரே பேசிக்கொண்டது. பால்டிமோரிலும் அவர் மார்ஃபினைத் தொடர்ந்தார் என்ற உண்மையை சக பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர் எழுதிப் பூட்டி வைத்தார். அது வெளியே வந்தது 1969இல். இப்படி அடிக்கடி மறைந்துபோகும் தலைவருக்குக் கீழே ஒரு துறை ஓட வேண்டுமானால், அவர் இல்லாதபோதும் கத்தி பிடிக்கத் தெரிந்த இளைஞர்கள் அங்கேயே, இரவும் பகலும், இருந்தாக வேண்டும்.

அதற்கான மாதிரி அவர் மனத்தில் முன்பே இருந்தது. இளவயதில் இரண்டு ஆண்டு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சுற்றியபோது, பேராசிரியரின் கீழே உதவியாளர்கள் படிப்படியாகப் பொறுப்பேற்று வளர்வதைப் பார்த்திருந்தார். அமெரிக்காவிலோ அப்போது மருத்துவக் கல்லூரியை முடித்தவர் மறுநாளே வயிற்றைக் கிழிக்கலாம், கேட்பாரில்லை. ஹால்ஸ்டெட் ஜெர்மன் முறையைக் கொண்டுவந்து இன்னும் கடுமையாக்கினார். கீழ்ப்படியில் பல ஹவுஸ் சர்ஜன்கள், அதற்கு மேலே சில உதவியாளர்கள், உச்சியில் ஒரே ஒரு ரெசிடென்ட். மருத்துவமனையிலேயே தங்க வேண்டும். கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டும். எத்தனை வருஷம் என்று கணக்கில்லை. போதும் என்று தலைவர் சொல்லும்வரை. 33 ஆண்டுகளில் அந்த உச்சிப்படியை எட்டியவர்கள் 17 பேர்தான். பாதியில் உதிர்ந்தவர்கள் வேறு ஊர் பார்த்துப் போனார்கள். இன்று உலகம் முழுக்க சர்ஜன்களை உருவாக்கும் முறைக்குத் தகப்பன் ஒரு போதை அடிமை என்பதை மருத்துவ உலகம் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறது. கூச்சப்பட என்ன இருக்கிறது? அவருடைய பலவீனமே அந்த முறைக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

அந்த மருத்துவமனையில் ஒரு பிரிவை மட்டும் யாரும் சீந்தவில்லை. வெட்டை நோய், மேகப்புண், சிறுநீர் அடைப்பு என்று வெளியே சொல்லக் கூசும் நோய்களோடு ஆண்கள் வந்து வரிசையில் உட்காரும் இடம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஜேம்ஸ் பிரவுன். 1893இல், ஓர் ஆணின் சிறுநீரகக் குழாய்க்குள் உள்நோக்கி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக்காட்டிய முன்னோடி. 1895இல் அவர் இறந்துபோனார். நாற்காலி காலியானது. அதில் உட்கார ஆசைப்பட்டு ஒருவரும் வரவில்லை.

அதே காலத்தில் ஹாப்கின்ஸுக்கு வந்து சேர்ந்திருந்தார் ஹியூ ஹாம்ப்டன் யங். டெக்சாஸ்காரர், உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் பக்கம் நின்ற ஜெனரல் ஒருவரின் மகன். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பி.ஏ., எம்.ஏ., எம்.டி. மூன்றையும் நான்கே ஆண்டுகளில் முடித்தவர். எதையும் ஓடிக்கொண்டே செய்யும் சுபாவம். பெரிய சர்ஜனாக வேண்டும் என்பது லட்சியம். குடல், ஹெர்னியா, கட்டிகள் என்று கைநிறைய வேலை வேண்டும். 1897இல் ஒருநாள் மருத்துவமனையின் நீண்ட நடைக்கூடத்தில் வேகமாக ஓடிவந்தவர், திருப்பத்தில் எதிரே வந்த ஒருவர் மேல் முட்டிக்கொண்டார். கீழே விழப்போனவரைத் தாங்கிப் பிடித்துப் பார்த்தால், ஹால்ஸ்டெட்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவருக்கு எதிர்பாராத பதில் வந்தது. உன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், சிறுநீர்ப்பாதை அறுவைப் பிரிவை நீ ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றார் ஹால்ஸ்டெட். யங் திகைத்துப்போனார். அந்தத் துறையைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாதே என்றார். தெரியாது என்று நானும் வெல்ச்சும் பேசிக்கொண்டோம், ஆனால் கற்றுக்கொள்வாய் என்று நம்புகிறோம் என்று சொல்லிவிட்டு ஹால்ஸ்டெட் நடையைக் கட்டினார். விண்ணப்பம் இல்லை, இன்டர்வியூ இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை. 27 வயதில், விரும்பாத ஒரு துறைக்கு, அதில் அரிச்சுவடிகூடத் தெரியாத ஒருவர் தலைவரானார். அமெரிக்க யூராலஜியின் தந்தை என்று பின்னாளில் அழைக்கப்பட்டவர் துறைக்குள் நுழைந்த வழி இதுதான்.

யங் கற்றுக்கொண்டார். சிறுநீர்ப்பைக்குள் விளக்கோடு நுழைந்து பார்க்கும் சிஸ்டோஸ்கோப் அப்போது ஐரோப்பாவில் வளர்ந்துகொண்டிருந்தது. அதை வைத்துத் தனக்கென்று கருவிகளைச் செய்துகொண்டார். 1904 ஏப்ரல் 7 அன்று, புற்றுநோய் வந்த புராஸ்டேட் சுரப்பியை முழுவதுமாக வெட்டியெடுக்கும் அறுவைச் சிகிச்சையைச் செய்தார். மேசையின் எதிர்ப்பக்கம் உதவியாளராகக் கையில் கருவியோடு நின்றவர் ஹால்ஸ்டெட். குருவையே குறடு பிடிக்க வைத்த சீடனின் பேர் பரவியது. ஆனால் பேரை வைத்துக் கட்டடம் எழுப்ப முடியாது. அதற்கு ஒரு பணக்கார நோயாளி வந்து சேர வேண்டியிருந்தது.

1912இல் வந்து சேர்ந்தார், வைரங்கள் மின்ன. ஜேம்ஸ் புக்கானன் பிராடி. 'டயமண்ட் ஜிம்' என்றால்தான் நியூயார்க்குக்குத் தெரியும். ரயில்வே தளவாட விற்பனையில் கோடீஸ்வரரானவர். சட்டைப் பொத்தானிலிருந்து கைத்தடிப் பூண்வரை நகை. அவர் சாப்பாட்டைப் பற்றி உலவிய கதைகளில் பாதியைத் தள்ளினாலும் மீதி மலைக்க வைக்கும். புராஸ்டேட் அடைத்து அவருக்குச் சிறுநீர் இறங்கவில்லை. சர்க்கரை நோய், கெட்டுப்போன சிறுநீரகம், பலவீனமான இதயம். வயிற்றைத் திறந்தால் உயிர் தங்காது என்று பெரிய பெரிய சர்ஜன்களே கை விரித்துவிட்டார்கள். யங்கிடம் 'பஞ்ச்' என்ற ஒரு குழாய்க் கருவி இருந்தது. சிறுநீர் வரும் வழியாகவே அதை உள்ளே செலுத்தி, அடைத்துக்கொண்டிருந்த சதையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டியெடுத்தார். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. முழு மயக்கமும் தேவைப்படவில்லை. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதும். ஹால்ஸ்டெட் தன் வாழ்க்கையை அடகு வைத்துத் திறந்த அதே வழி.

பிராடி பிழைத்தார். நன்றிக்கடனாக ஒரு வைர மோதிரம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் ஒரு மருத்துவமனையையே கொடுத்தார். 1915இல் ஹாப்கின்ஸ் வளாகத்தில் பிராடி யூராலஜி நிலையம் திறக்கப்பட்டது. இரண்டு வருஷத்தில் யங் யூராலஜிக்கென்று தனி இதழ் தொடங்கினார். 1918இல் சிறுநீர்ப்பாதைக் கிருமிகளைக் கொல்ல ஒரு சிவப்பு மருந்தைச் சோதித்துப் பார்த்தார். அது மெர்குரோகுரோம் என்ற பெயரில் உலகம் சுற்றி, முட்டியைச் சிராய்த்துக்கொண்ட தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் காலிலும் வந்து ஒட்டியது. எல்லாவற்றையும்விட முக்கியம், அந்த நிலையத்தில் இளைஞர்கள் தங்கிப் பயின்றார்கள். அமெரிக்கா முழுக்கப் புதிய யூராலஜி துறைகளுக்கு அங்கிருந்து ஆள் போனார்கள். 1930களின் நடுவில் தனி யூராலஜி வாரியம் அமைந்தது. பயிற்சி முடிக்காமல், தேர்வு எழுதாமல் யூராலஜிஸ்ட் என்று சான்று பெறும் காலம் முடிந்தது. 1930களின் கடைசியில் பாஸ்டனில் எட்வர்ட் சர்ச்சில் என்ற சர்ஜன் ஹால்ஸ்டெட்டின் கூம்பையே சாய்த்தார். பத்துப் பேரைச் சேர்த்து ஒன்பது பேரைக் கழிப்பது என்ன நியாயம், சேர்ந்தவர்கள் எல்லோரும் முடித்துப் போகட்டும் என்பது அவர் வாதம். நியாயம்தான். ஆனால் உள்ளே நடந்த போட்டி அதோடு ஒழிந்துவிடவில்லை. வாசலுக்கு இடம் மாறியது.

வாசலில் ஏற்கெனவே கூச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. படித்து வெளியே வரும் மாணவர்களைவிட மருத்துவமனைகளின் ஹவுஸ் சர்ஜன் இடங்கள் அதிகம். நல்ல மாணவன் கிடைக்க வேண்டுமானால் மற்ற மருத்துவமனைக்கு முன்னால் பிடிக்க வேண்டும். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல, ஒரு மருத்துவமனை ஒரு மாதம் முந்தினால் அடுத்தது இரண்டு மாதம் முந்தியது. 1940களின் நடுவில், படிப்பை முடிக்க முழுசாக இரண்டு வருஷம் இருக்கும்போதே மாணவனை வளைத்துப்போட்டார்கள். நோயாளியின் நாடியைச் சரியாகப் பிடித்துப் பார்க்காதவனுக்கு வேலை உறுதியாகிவிட்டது. அவன் நல்ல டாக்டரா என்று அவனுக்கும் தெரியாது, எடுத்தவர்களுக்கும் தெரியாது.

1945இல் மருத்துவக் கல்லூரிகள் கூடி ஒரு பூட்டுப் போட்டன. குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் எந்த மாணவனின் மதிப்பெண்ணையும் சிபாரிசுக் கடிதத்தையும் வெளியே தர மாட்டோம் என்றன. முந்துவது நின்றது. உடனே வேறு நோய் முளைத்தது. வாய்ப்புக் கடிதம் கையில் வந்த மாணவன், அதைவிட நல்ல இடம் வருமா என்று கடைசி நிமிஷம்வரை பிடித்துவைத்துக்கொண்டான். அவன் மறுக்கும்போது அந்த மருத்துவமனையின் அடுத்த ஆள் வேறெங்கோ சேர்ந்திருப்பான். எனவே யோசிக்கத் தரும் அவகாசத்தை மருத்துவமனைகள் குறைத்தன. முதல் வருஷம் பத்து நாள். அடுத்த வருஷம் எட்டு நாள். 1949இல், நள்ளிரவு தாண்டி ஒரு நிமிஷத்துக்குத் தந்தி போகட்டும், நண்பகல்வரை மாணவன் யோசிக்கட்டும் என்று ஒரு யோசனை வந்தது. பன்னிரண்டு மணி நேரம் ரொம்ப அதிகம் என்று மருத்துவமனைகள் தரப்பு மறுத்துவிட்டது. 1950இல் ஒருவழியாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒப்புக்கொண்டபோது, தந்தியின் பின்னாலேயே டெலிபோனில் கூப்பிட்டு நெருக்கக் கூடாது என்று தனியாக விதி எழுத வேண்டியிருந்தது. படித்த மனிதர்கள் எழுதிக்கொண்ட விதி அது. அதோடு பொறுமை போனது. இனி ஒருவரை ஒருவர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் முல்லினும் மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் ஸ்டால்நேக்கரும் வகுத்த திட்டம் இப்படி: மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த மருத்துவமனைகளை வரிசைப்படுத்தி எழுதி அனுப்பட்டும், மருத்துவமனைகளும் மாணவர்களை வரிசைப்படுத்தி அனுப்பட்டும். மையத்தில் ஓர் அலுவலகம் அட்டை பிரிக்கும் இயந்திரத்தில் போட்டு இணைத்துவிடும். முதலில், ஒருவரை ஒருவர் முதலிடத்தில் எழுதியவர்களைச் சேர்ப்பது. பிறகு முதலிடமும் இரண்டாமிடமும், இரண்டாமிடமும் இரண்டாமிடமும் என்று இறங்கிக்கொண்டே போவது. பார்க்க அழகாக இருந்தது. ஒத்திகையும் நடந்தது. 1951இல் நாடெங்கும் விவரத்தை அனுப்பினார்கள். ஹார்வர்டில் ஒரு மாணவன் அதைப் படித்துவிட்டு முகம் சுளித்தான்.

பெயர் ஹார்டி ஹெண்ட்ரன். யுத்த காலத்தில் கடற்படை விமானியாகப் பயிற்சி பெற்றுவிட்டுப் படிக்க வந்தவர். எந்திரத்தைக் கழற்றிப் பார்க்காமல் நம்புகிற ஆளில்லை. திட்டத்தில் அவரும் நண்பர்களும் கண்ட ஓட்டை இதுதான். ஒரு மாணவன் எட்டாக்கனியான மருத்துவமனை ஒன்றை ஆசைப்பட்டு முதலில் எழுதுகிறான். தனக்குக் கிடைக்கக்கூடியதை இரண்டாவதாக எழுதுகிறான். முதலாவது கிடைக்கவில்லை. இரண்டாவதற்கு இறங்கி வருவதற்குள், அதை முதலிடத்தில் எழுதிய இன்னொருவன் அந்த இடத்தை எடுத்திருப்பான். ஆசைப்பட்டதற்குத் தண்டனை. இதைப் புரிந்துகொண்டவன் என்ன செய்வான்? மனத்தில் இருப்பதை எழுதமாட்டான். பயந்து, கணக்குப் போட்டு, பொய்யான வரிசையை எழுதுவான். எல்லோரும் பொய் எழுதும் பட்டியலை எந்த இயந்திரத்தில் போட்டு என்ன பயன்?

மாணவர்கள் கமிட்டி அமைத்தார்கள். மற்ற கல்லூரிகளுக்கு எழுதினார்கள். ஹெண்ட்ரன் தலைமையில் கொடி பிடித்தார்கள். அவர்கள் முன்வைத்த மாற்று, பாஸ்டன் பகுதியில் முன்பே புழங்கிய முறையை ஒட்டியது. மருத்துவமனை தன் பட்டியலில் மேலிருந்து இடம் நீட்டிக்கொண்டே வர வேண்டும். மாணவன் வந்தவற்றில் சிறந்ததைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு மற்றதை விட வேண்டும். அதைவிட நல்லது பின்னால் வந்தால் கையிலிருப்பதை விட்டுவிடலாம். விட்ட இடம் அடுத்தவனுக்குப் போகும். கடைசி அட்டை விழும்வரை எதுவும் உறுதியில்லை என்பதால், எட்டாததை முதலில் எழுதியதால் எட்டுவது கைநழுவாது. மருத்துவ உலகத்தின் பெரியவர்கள், படிப்பை முடிக்காத பையன்கள் சொன்ன திருத்தத்தை அப்படியே ஏற்றார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அப்படியொரு பெருந்தன்மை அடிக்கடி நடப்பதில்லை.

1952இல் முதல் சுற்று ஓடியது. சுமார் 10,400 இடங்கள், சுமார் 6,000 மாணவர்கள். சேரச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இருந்தும் கிட்டத்தட்ட எல்லோரும் சேர்ந்தார்கள். தந்தி ஓய்ந்தது, டெலிபோன் ஓய்ந்தது. ஏன் இது இவ்வளவு சமர்த்தாக வேலை செய்கிறது என்று மட்டும் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

சொல்லத் தெரிந்தவர்களுக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது. 1960இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டேவிட் கேல் என்ற கணித அறிஞர் ஒரு புதிரை எழுதிச் சிலருக்கு அனுப்பினார். ஆண்கள் ஒரு கூட்டம், பெண்கள் ஒரு கூட்டம். ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்ப வரிசை. யாரும் ஜோடியை விட்டு இன்னொருவரோடு ஓடிப்போக முகாந்திரம் இல்லாதபடி எல்லோரையும் இணைத்துவைக்க முடியுமா? அவர்களில் ஒருவரான லாயிட் ஷாப்லியிடமிருந்து விரைவிலேயே விடை வந்தது. எப்போதும் முடியும். 1962இல் சில பக்கக் கட்டுரையாக இருவரும் வெளியிட்டார்கள். தாங்கள் நிரூபித்த வழியைப் பத்து வருஷமாக அட்டை இயந்திரத்தில் ஓட்டி டாக்டர்களை ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேலுக்கு 1970களில்தான் யாரோ சொன்னார்கள். 1984இல் ஆல்வின் ராத் என்ற பொருளியலாளர் இரண்டும் ஒன்றே என்று நிறுவினார். அதே வேகத்தில் ஒரு வெடிகுண்டையும் வைத்தார்: டாக்டரும் டாக்டரும் கல்யாணம் செய்துகொண்டு ஒரே ஊரில் இடம் கேட்டால், எல்லோரையும் திருப்திப்படுத்தும் இணைப்பு இல்லாமலே போகலாம்.

1950களில் அது பிரச்சினையில்லை. மருத்துவக் கல்லூரிகளில் பெண்கள் சொற்பம். 1970களுக்குப் பிறகு ஜோடிகள் பெருகி, கணவன் ஓரிடம் மனைவி ஓரிடம் என்று விழுந்தபோது, முறையை மீறி நேரடியாகப் பேசி முடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். 1990களின் நடுவில் அந்த முறைக்கு வேறொரு சோதனையும் வந்தது. இடத்தை நீட்டுவது மருத்துவமனை என்பதால் அனுகூலமும் மருத்துவமனைக்குத்தானே என்று மாணவர்கள் கேட்டார்கள். கணிதப்படி அந்தக் கேள்வி சரி. ராத்தையே அழைத்தார்கள். எலியட் பெரன்சனோடு சேர்ந்து அவர் ஜோடிகளுக்கும் இடம் வைத்து, மாணவர் பக்கமிருந்து தொடங்கும்படி கணக்கைத் திருப்பி எழுதினார். 1998 முதல் அதுதான் ஓடுகிறது. பழைய சுற்றுகளைப் புதுக் கணக்கில் போட்டுப் பார்த்தபோது, இடம் மாறியவர்கள் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. 2012இல் பொருளியல் நோபல் ராத்துக்கும் ஷாப்லிக்கும் போனது. நான் கணிதக்காரன், பொருளியல் வகுப்பில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்றார் ஷாப்லி. கேல் நான்கு வருஷம் முன்பே காலமாகியிருந்தார்.

ஹெண்ட்ரனுக்கு நோபல் வரவில்லை. அவர் வேறு வேலையில் மும்முரமாக இருந்தார். சர்ச்சிலின் பாஸ்டன் மருத்துவமனையில் பயின்று குழந்தைகள் சர்ஜனாகி, சிறுநீர்ப்பாதை சரியாக உருவாகாமல் பிறந்த குழந்தைகளுக்கு அதைப் புதிதாகக் கட்டித் தருவதில் உலகப் பெயர் வாங்கினார். வயிற்றில் பை மாட்டிக்கொண்டு வளர்ந்த பிள்ளைகளின் பழைய அறுவைகளைப் பிரித்து, சிறுநீர் இயல்பான வழியில் போகச் செய்வார். நாள் முழுக்க நீளும் அறுவைகள். சகாக்கள் 'ஹார்ட்லி ஹியூமன்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 2022இல் 96 வயதில் மறைந்தார்.

அவர் திருத்திய பட்டியலுக்கு அமெரிக்க மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மேட்ச்'. அதற்குள் முழுசாக அடங்காமல் தனிக்குடித்தனம் போன துறைகளில் ஒன்றுதான் யூராலஜி. தொடக்கத்தில் மேட்ச் முதல் வருஷப் பயிற்சியை மட்டுமே பார்த்துக்கொண்டது. யூராலஜிக்குப் போக முதலில் பொது அறுவையில் பயிற்சி, பிறகு துறைக்குள் பல வருஷம் என்று இரண்டு கட்டம் இருந்ததால், 1980களில் யூராலஜிஸ்டுகளின் சங்கமே தனியாக ஒரு மேட்ச் நடத்த ஆரம்பித்தது. முடிவு மற்றவர்களுக்கு முன்பே வந்துவிடும். வந்த கையோடு முதல் வருஷ அறுவை இடத்தைப் பெரிய மேட்சில் தேடிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. இன்று முதல் வருஷத்தையும் யூராலஜியே சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டது. காரணம் போய்விட்டது; முந்திய தேதி மட்டும் நிற்கிறது.

இந்தியாவில் எம்.எஸ். முடித்தவர் நுழைவுத் தேர்வு ரேங்க்கை வைத்துக் கவுன்சலிங்கில் எம்.சிஎச். யூராலஜி இடம் எடுப்பார். கல்லூரி அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் இடத்துக்கான தேடல் எம்.டி. கடைசி வருஷத்திலேயே தொடங்கிவிடுகிறது. சொந்தக் கல்லூரியை விட்டு வேறு மருத்துவமனைக்குப் போய் ஒரு மாதம் ஹவுஸ் சர்ஜன்போல விடியற்காலை ரவுண்ட்ஸிலிருந்து நள்ளிரவுக் கத்தீட்டர்வரை உழைத்துக் காட்ட வேண்டும். அது பயிற்சி என்பதைவிட, ஒரு மாதம் நீளும் இன்டர்வியூ. சிபாரிசுக் கடிதம் அங்கிருந்துதான் வரும். பிறகு விண்ணப்பம், இன்டர்வியூ, இரு பக்கமும் பட்டியல். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ முடிவு.

பட்டியல் நேர்மையானது, அதற்கு முன்னால் நடப்பது அப்படியில்லை. எந்த இடத்தை எழுதினாலும் நஷ்டமில்லை என்றானதும் ஒவ்வொருவரும் பல டஜன் மருத்துவமனைகளுக்கு விண்ணப்பித்தார்கள். குவிந்த விண்ணப்பங்களில் உண்மையில் நம்மிடம் வர விரும்புகிறவர் யார் என்று தெரியாமல் துறைத்தலைவர்கள் விழித்தார்கள். பொருளியலாளர்களின் வேலைச் சந்தையில் முன்பே புழங்கிய ஒரு யோசனையைக் கடன் வாங்கி, 2021-22 சுற்றில் ஒவ்வொரு மாணவருக்கும் 5 'சிக்னல்' தந்தார்கள். மனசுக்குப் பிடித்த மருத்துவமனைக்கு முன்கூட்டியே காட்டும் ரகசியக் கைக்குட்டை. அடுத்த சுற்றில் அது 30 ஆனது. சிக்னல் வராத விண்ணப்பத்துக்கு இன்டர்வியூ அழைப்பு கிடைப்பது அரிது என்ற நிலை வந்ததும், அந்த 30ஐ எங்கே செலவழிப்பது என்பது புதிய கணக்காகிவிட்டது. எட்டாத மருத்துவமனைக்கு ஒன்றை வீணாக்கலாமா கூடாதா என்று மாணவர்கள் சீனியர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிப்ரவரியில் பெயர் வராதவர்களுக்கு மார்ச் மாதத்துப் பெரிய மேட்ச் இருக்கிறது. பொது அறுவையில் ஒரு வருஷ இடம் பிடித்து, அடுத்த செப்டம்பரில் மறுபடி விண்ணப்பிப்பார்கள்.